எட்டு நாளைப் பேரம் பேசிய முள்ளம்பன்றி

ஒரு காட்டில் ஒரு தப்பு நடந்தது. அதே தப்பைச் செய்தவர் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கிறார், பிள்ளைகளே. எல்லாரையும் பட்டணத்துக்கு அழைத்துப் போகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவர். நாள் குறித்தார், இடம் குறித்தார், மூட்டை கட்டச் சொன்னார். வீட்டில் காலை இழுத்து இழுத்து நடக்கிற ஒருவரை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெயரைச் சொல்ல மாட்டேன். இந்தக் கதையைப் படிக்கும்போது யார் முகம் சுருங்குகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காட்டில் கூரன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. பேரத்தில் அதை மிஞ்ச ஆளில்லை. குட்டியாக இருந்தபோதே பஞ்சத்தில் அடிபட்டு, கிழங்கு தோண்டி, குரங்கிடம் கொடுத்துப் பலா வாங்கி, கரடியிடம் கொடுத்துத் தேன் வாங்கி, பத்து இடத்தில் ஏமாந்து பதினோராவது இடத்தில் தேறிய முள்ளம்பன்றி அது. யார் எதைச் சொன்னாலும் பாதிக்குக் கேட்கும். பேச்சு நீண்டால் கோபம் வந்துவிடும். முதுகு முள்ளெல்லாம் சிலிர்த்து எழுந்து கலகலவென்று ஆடும். எதிரில் நிற்பவர் அந்தச் சத்தத்திலேயே இறங்கி வந்துவிடுவார்.

ஒரு தடவை குரங்கு ஒரு பலாப்பழத்தைக் கூரன் கேட்ட விலைக்கே தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனது. பிளந்து பார்த்தால் உள்ளே முழுக்கப் புழு. அன்றிலிருந்து கூரன் ஒன்றை மட்டும் மறந்ததில்லை. மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொள்கிறவனிடம் எதையும் வாங்கக் கூடாது.

கூரனின் வளையில் மனைவி அரளி இருந்தது. மூன்று குட்டிகள் இருந்தன. கூரனின் கிழத் தகப்பன் தவசியும் இருந்தது. தவசிக்கு முள்ளில் பாதி உதிர்ந்துவிட்டது, பின்னங்கால் ஒன்று மடங்காது. அதற்கு இடது காது இரண்டாகக் கிழிந்த ஒரு தம்பி உண்டு. இளவயதில் மனிதர்கள் அதை வலைபோட்டுப் பிடித்துக்கொண்டு போனார்கள். உயிரோடு இருக்கிறதா இல்லையா என்றுகூட இத்தனை காலமும் தெரியவில்லை.

அப்போதுதான் ஒரு கழுதை காட்டோரம் வந்து சேர்ந்தது. பட்டணத்தில் பொதி சுமந்து ஓய்ந்த கழுதை. உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லும். அதற்கு வேறு பேச்சுத் தெரியாது. பட்டணத்தின் இந்தக் கோடியில் மிருகக்காட்சிசாலை ஒன்று இருப்பதாகவும், அங்கே இரும்புவலைக்குள் ஒரு கிழ முள்ளம்பன்றியைப் பார்த்ததாகவும், அதன் இடது காது இரண்டாகக் கிழிந்திருந்ததாகவும் பேச்சுவாக்கில் சொன்னது.

படுத்திருந்த தவசி எழுந்து நின்றது. “அது என் தம்பிதான்” என்றது.

கூரன் உடனே கிளம்பத் தீர்மானித்தது. போவதுதான் போகிறோம், எல்லாரும் சேர்ந்து போய்ப் பட்டணத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவோம் என்றது. அரளிக்குக் கடல் பார்க்க ஆசை. குட்டிகளுக்கு ரயில். கூரனுக்கோ பெரிய சந்தை. ஆயிரம் பேர் ஒரே இடத்தில் பேரம் பேசுவதைக் காதால் கேட்க வேண்டும் அதற்கு. முதலில் கடல், பிறகு சந்தை, பிறகு ரயில் என்று முடிவானது. மிருகக்காட்சிசாலை திரும்புகிற வழியில்தானே இருக்கிறது, அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். தவசியை யாரும் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறின. பதினைந்து நாளில் மழை என்றன. மழை இறங்கினால் ஆறு பெருகும். ஆறு பெருகினால் தை மாதம் வரை யாரும் கடக்க முடியாது. தை மாதம் வரை அப்பா தாங்குவாரா என்று கூரன் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

கூரன் கழுதையிடம் போய் வழி எத்தனை நாள் என்று விசாரித்தது. கடல் வரைக்கும் போக எட்டு நாள், திரும்ப எட்டு நாள், வழியில் தண்ணீர் இருக்கிற இடத்திலெல்லாம் தங்க வேண்டும் என்றது கழுதை. கூட்டினால் பதினாறு. மழைக்கு ஒரு நாள் பிந்திவிடும்.

கூரன் பதறியது. பதறினால் அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்.

“நாலு நாள்” என்றது.

“எட்டு” என்றது கழுதை.

“சரி, உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். அஞ்சு.”

“எட்டு.”

கூரனின் முள் சிலிர்த்தது. சோம்பேறி என்றது. நாளைக் கூட்டிச் சொல்லி வழியெல்லாம் உட்கார்ந்து என் கிழங்கைத் தின்னப் பார்க்கிறாய் என்றது. இன்னும் என்னென்னவோ சொன்னது. கழுதை புல்லை மென்று முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தது.

“நான் விலை சொல்லலைப்பா. தூரம் சொன்னேன்” என்றது.

இதையெல்லாம் புதருக்குள் இருந்து நரி கேட்டுக்கொண்டிருந்தது. கூரன் பொருமிக்கொண்டே வரும் வழியில் அது எதிரே வந்து நின்றது.

“பட்டணத்துக்கா அண்ணாச்சி? எத்தனை நாள்ல போகணும்?”

“மூணு நாள்” என்றது கூரன்.

“ஆகட்டும்” என்றது நரி.

கூலி என்ன என்று கூரன் கேட்டது. உங்களுக்குச் செய்யாமல் வேறு யாருக்குச் செய்யப் போகிறேன் என்று நரி சிரித்தது. மறுநாளைக்கு மறுநாள் கிளம்புவதாகப் பேச்சு முடிந்தது.

கூரன் வளைக்குத் திரும்பி, எட்டை மூன்றாக்கிவிட்டேன் என்று பெருமையடித்துக்கொண்டது. ஆனால் கடித்த கிழங்கைப் பாதியிலேயே வைத்துவிட்டது. எதையோ எங்கோ மறந்துவைத்துவிட்ட மாதிரி இருந்தது. மூட்டையை அவிழ்த்துப் பார்த்தது, மறுபடி கட்டியது. மூன்று குட்டிகளையும் நாலு தடவை எண்ணிப் பார்த்தது. மாமா ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பார் என்று அரளி கேட்டதற்கு, எல்லாம் பேசி முடித்தாயிற்று என்று எரிந்து விழுந்தது.

“யார்கிட்ட பேசி முடிச்சீங்க?” என்று முணுமுணுத்துவிட்டு அரளி வேலையைப் பார்க்கப் போனது.

மறுநாள் காலையில் கடைக்குட்டி சிட்டாள் ஓடி வந்தது. “தாத்தா புத்தைச் சுத்திச் சுத்தி ஓடுறார்ப்பா” என்றது.

கூரன் போய்ப் பார்த்தது. கறையான் புற்றுக்குப் பின்னால் தவசி ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டம் என்று சொல்ல முடியாது. மூன்று காலில் தாவும், நாலாவது காலை இழுக்கும், நெஞ்சு அடிக்க நிற்கும், மறுபடி தாவும். மடங்காத காலில் தோல் உரிந்து ரத்தம் வந்திருந்தது. மகனைக் கண்டதும் அந்தக் காலை மண்ணுக்குள் மறைத்துக்கொண்டது.

“மூணு நாள்னு சொன்னியே, அதான் பழகிக்கிறேன். நேத்து அஞ்சு சுத்து. இன்னிக்கு ஏழு” என்றது தவசி. கூரன் அந்தக் காலைக் குனிந்து பார்க்கவே, “எனக்காக நாளைக் கூட்டிடாதடா. மழை வந்துடும்” என்றது.

கூரனின் முதுகில் ஒரு முள்கூட எழும்பவில்லை. எல்லாம் அப்படியே படுத்துக் கிடந்தன.

அப்போது அதற்கு அந்தப் பலாப்பழம் நினைவுக்கு வந்தது. நேற்றிலிருந்து மனதை உறுத்தியது என்னவென்று புரிந்தது. நேரே நரியின் குகைக்குப் போனது.

“மூணு நாள் எனக்குத் தோதுப்படாது. ரெண்டு நாள்ல போகணும்” என்றது.

“ஆகட்டும்” என்றது நரி.

“யோசிச்சுப் பார்த்தா ரெண்டும் அதிகம். ஒரே நாள்.”

“அதுக்கென்ன அண்ணாச்சி. பாறைவெளி வழியாப் போனா சுருக்கு.”

“பாறைவெளியில தண்ணி கிடையாதே.”

“ஒரு நாளைக்குத் தண்ணி எதுக்கு?”

கூரன் குரலை மாற்றாமல், “அப்பா நடக்க மாட்டாரே” என்றது.

“பெரியவரை நான் பின்னாலிருந்து பார்த்துக்கறேன். நீங்க திரும்பிப் பார்க்காம முன்னால நடங்க. கடைக்குட்டியையும் வேணும்னா என்கிட்ட விடுங்க” என்றது நரி. சொல்லும்போதே அதன் நாக்கு வெளியே வந்து வாயோரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே போனது.

கூரன் மெல்லத் திரும்பி முதுகைக் காட்டியது. முள்ளம்பன்றி முதுகைக் காட்டினால் அது போகிறது என்று அர்த்தமில்லை. பின்பக்கமாகவே ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. மூன்று முள் நரியின் மூக்கில் ஏறி நின்றன.

“இந்தக் காட்டை விட்டுக் கிளம்பு” என்றது கூரன்.

அதற்கும் நரி “ஆகட்டும்” என்றுதான் சொன்னது. சொல்லிக்கொண்டே ஓடியது.

கூரன் அங்கிருந்து கழுதையிடம் போனது. கழுதை தலையைத் தூக்கவில்லை. “எட்டுதான். இன்னும் குறையலை” என்றது.

“குறைக்க வரலைண்ணே. பேசினது தப்பு” என்றது கூரன். வாழ்நாளில் அது ஒரு பேச்சில் இறங்கி வந்தது அதுதான் முதல் தடவை. நாக்கு கசந்தது. ஆனாலும் நின்று முழுக்கச் சொன்னது. மழைக்கு இன்னும் பதினாலு நாள்தான் பாக்கி, என்ன செய்வதென்று தெரியவில்லை என்றது.

கழுதை யோசித்தது. “எட்டு நாள் கடல் வரைக்கும். மிருகக்காட்சிசாலை இந்தக் கோடியிலயே இருக்கு, பெரியவர் காலுக்கு அஞ்சு நாள். பெரியவர் கடல் கேட்டாரா?”

கூரன் கழுதையின் கேள்வியை வாயில் தூக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி வளைக்கு ஓடியது. தவசியின் முன்னால் போய் உட்கார்ந்தது.

“அப்பா, ஒரு மூச்சுல எவ்வளவு தூரம் நடப்பீங்க? எதைப் பார்க்கணும் உங்களுக்கு?”

தவசி மகனை ஏற இறங்கப் பார்த்தது. இவன் எதற்குக் கேட்கிறான், இதில் பாதியைக் குறைக்கவா என்று அதற்குச் சந்தேகம். பிறகு, “அந்த ஆலமரம் வரைக்கும் நடப்பேன். அப்புறம் கொஞ்சம் உட்காரணும். தம்பியைப் பார்த்தாப் போதும்” என்றது.

கூரன் ஆலமரத்தைப் பார்த்தது. பக்கத்தில்தான் இருந்தது. முதல் தடவையாக ஒரு கணக்கை அது பாதியாக்காமல் ஏற்றுக்கொண்டது.

பேரம் அதன் பிறகும் நடந்தது. ஆனால் நாளில் நடக்கவில்லை, பார்க்கிற இடங்களில் நடந்தது. கூரன் தன் சந்தையை முதலில் வெட்டியது. ரயில் வேண்டாம் என்றதும் மூத்த குட்டிகள் இரண்டும் மூக்கை உறிஞ்சின. கடலை வெட்டப் போகும்போது கூரன் அரளியைப் பார்க்கவே கூசியது.

“கடல் எங்கேயும் எழுந்து போயிடாது. நடங்க” என்றது அரளி.

கழுதை வழி காட்டியது. தவசியை முன்னால் விட்டு, மற்ற எல்லாரும் அதன் காலுக்குத் தக்கபடி பின்னால் நடந்தார்கள். தவசி உட்கார்ந்தால் எல்லாரும் உட்கார்ந்தார்கள். கூரன் நொடிக்கு ஒரு தடவை வானத்தைப் பார்த்தது. மூன்றாம் நாள் மேற்கே ஒரு கறுப்பு திரண்டபோது “கொஞ்சம் சீக்கிரம்” என்று வாய்வரை வந்தது. கடித்து விழுங்கிக்கொண்டது. கறுப்பு அதுவாகக் கலைந்து போனது.

ஐந்தாம் நாள் விடியற்காலை, கூட்டம் வருமுன் இரும்புவலை அருகே போய்ச் சேர்ந்தார்கள். உள்ளே மூலையில் ஒரு கிழ முள்ளம்பன்றி படுத்திருந்தது. இடது காது இரண்டாகக் கிழிந்திருந்தது.

தவசி வலையின் ஓட்டையில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. உள்ளே இருந்தது மோப்பம் பிடித்துத் தலையைத் தூக்கியது. எழுந்தது. தள்ளாடி வந்து தன் மூக்கை அந்த மூக்கில் வைத்தது.

“வழி ரொம்பத் தூரமாண்ணே?” என்று கேட்டது தம்பி.

“இல்லடா” என்றது தவசி. “அஞ்சே நாள்தான்.”

கூரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, குட்டிகளை எண்ணுகிற மாதிரி நின்றது.

நீதி: பேரத்தில் விலை குறையும், வழி குறையாது, ஆகவே, நாம் பெயர் சொல்லாமல் விட்ட அந்த ஒருவர் இனியாவது எழுந்து போய், வீட்டில் எல்லாரையும்விட மெதுவாக நடக்கிறவரிடம் “எவ்வளவு தூரம் நடப்பீர்கள், எதைப் பார்க்க வேண்டும்” என்று கேட்டுவிட்டு, முதலிலிருந்து நாள் குறிக்கட்டும்.