இடக்கையில் மணி, வலக்கையில் தட்டு

"அம்மா, என்னோட ரெண்டு கையும் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

மலையடிவாரத்து மடத்தை நடத்தும் பூரணத்தம்மாள் கஞ்சி ஊற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

வந்து நின்றவர் வெயில்முத்துப் பூசாரி. பக்கத்து ஊர் மாரியம்மன் கோயிலில் பூசை வைப்பவர். வயது அறுபது. அம்மாளைவிட இருபது வயது மூத்தவர்.

"பின்னே யார் பேச்சைக் கேக்குது?"

"ஒண்ணு பேச்சை ஒண்ணு கேக்குது."

"நல்லதாப் போச்சு. எங்க வீட்டுல அண்ணன் தம்பி பேசிக்கிட்டு ஏழு வருசமாச்சு."

கஞ்சிக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். பூசாரி சிரிக்கவில்லை.

அம்மாள் அகப்பையை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சொல்லுங்க."

பூசாரி சொன்னார்.

அம்மனுக்குத் தீபாராதனை காட்டும்போது வலக்கை கற்பூரத் தட்டை மெதுவாகச் சுற்ற வேண்டும். அதே நேரம் இடக்கை மணியை வேகமாக ஆட்ட வேண்டும். முப்பத்திரண்டு வருசம் அப்படித்தான் செய்தார். ஒருநாளும் அதை ஒரு வித்தையாக நினைத்ததில்லை.

தை மாதம் வாதம் வந்து இடப்பக்கம் விழுந்தது. அம்மன் புண்ணியத்தில் பங்குனிக்குள் எழுந்துவிட்டார். கைக்குப் பலம் திரும்பிவிட்டது. ஆனால் வேறொன்று கூடவே வந்துவிட்டது.

"தட்டைச் சுத்துனா மணியும் சேர்ந்து சுத்துது. ஊமை மாதிரி சத்தமில்லாமச் சுத்துது. சரி, மணியை ஆட்டுவோம்னு ஆட்டுனா, தட்டும் சேர்ந்து ஆடுது."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"மூளை ரெண்டு பாதியாம். வலது பாதி இடக்கைக்கு உத்தரவு போடுமாம். இடது பாதி வலக்கைக்கு. நடுவுல ஒரு பாலமாம். எனக்கு, ஒரு கைக்குப் போட்ட உத்தரவு ரெண்டு கைக்கும் போயிருதாம்."

"பாலம் இருக்கில்ல?"

"இருக்குன்னாரு."

"அப்ப சரி."

"என்னம்மா சரி? போன வெள்ளிக்கிழமை கற்பூரம் தட்டை விட்டுக் குதிச்சு அம்மன் சேலையில விழுந்துருச்சு. கல்யாணப் பொண்ணு வேண்டிக்கிட்டுச் சாத்துன பட்டு. உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை."

அவர் குரல் இறங்கிப்போயிற்று.

கோயில் தலைவர் குருவையா கோபப்படவில்லை. அதுதான் பூசாரிக்கு இன்னும் வலித்தது. 'விடுங்க பூசாரி, வயசாகுதில்ல' என்று சொல்லிவிட்டு, மதுரையிலிருந்து ஒரு மிஷின் வாங்கி வந்துவிட்டார். சுவிட்சைத் தட்டினால் மணி, முரசு, சேகண்டி எல்லாம் அதுவே அடித்துக்கொள்ளும். வருகிற வெள்ளிக்கிழமை முதல் மணி மிஷினுக்கு. பூசாரிக்குத் தட்டு மட்டும்.

"பாரம் கொறையுதே. நல்லதுதானே?"

"நல்லதுதான். எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க." பூசாரி தன் இடக்கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். தூங்குகிற பிள்ளையை எடுத்து வைப்பதுபோல. "டாக்டர் இன்னொண்ணும் சொன்னாரு. வேலை குடுக்காத கை செத்த கையாம். இதுக்கு மணிய விட்டா வேற வேலை தெரியாதும்மா. உக்கார வச்சிட்டா அப்புறம் எந்திரிக்காது."

அம்மாள் அந்தக் கையைப் பார்த்தார்.

"பழகிப் பாத்தீங்களா?"

"பாக்காம? தினம் வலக்கைக்கு நூறு சுத்து. அப்புறம் இடக்கைக்கு நூறு ஆட்டு. தனித்தனியா ரெண்டும் தங்கம். சேத்து விட்டாத்தான் அடிதடி."

"தனித்தனியாவா பழகுனீங்க?"

"ஆமா. அப்பத்தானே ஒவ்வொண்ணும் நல்லாப் படியும்?"

அம்மாள் உள்ளே போய் ஒரு கூடை செவ்வந்தியும் நனைத்த வாழைநாரும் கொண்டுவந்து அவர்முன் வைத்தார்.

"சாயங்காலப் பூசைக்கு ரெண்டு முழம் வேணும்."

கேட்டது என்ன, கொடுத்தது என்ன என்று பூசாரிக்கு வருத்தம்தான். ஆனாலும் பூவைக் கட்டினார். முடித்து நீட்டினார்.

அம்மாள் சரத்தைத் தூக்கிப் பார்த்தார். நெருக்கமாக, ஒரு பூ சாயாமல் இருந்தது.

"பூவைப் பிடிச்சது எந்தக் கை?"

"இடக்கை."

"நாரைச் சுத்துனது?"

"வலக்கை."

"ஒண்ணு பிடிக்குது, ஒண்ணு சுத்துது. சண்டை வரலையே?"

பூசாரி கையைப் பார்த்தார். சரத்தைப் பார்த்தார்.

"வரலை."

"எந்தக் கைக்கு முதல்ல சொன்னீங்க?"

"எதுக்கும் சொல்லலையே. பூவைக் கட்டுனேன், அவ்வளவுதான்."

"ம்."

"ஆனா இது ஒரே வேலைம்மா. அது அப்படியில்ல. மணி ஒரு வேலை, தட்டு ஒரு வேலை."

"அப்படியா?" என்றார் அம்மாள். சரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் முழுக்கப் பூசாரி மடத்துப் பிள்ளையார் முன்னால் நின்று பழகினார். தீ வேண்டாம் என்று தட்டில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டார். எலுமிச்சை பதினோரு தடவை உருண்டு ஓடியது. பன்னிரண்டாவது தடவை மடத்துப் பசு அதை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அம்மா, மாடுகூட மதிக்க மாட்டேங்குது."

"யாருக்குக் காட்டுறீங்க விளக்கை?"

"அம்மனுக்கு."

"அம்மனுக்கு விளக்கு இல்லாம இருட்டுல கண்ணு தெரியாதாக்கும்?"

பூசாரி திகைத்தார்.

"பின்னே யாருக்கும்மா?"

அம்மாள் அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"சீனியம்மா! இங்க வாங்க."

சுவரைத் தடவிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போய்ப் பத்து வருசம். மடத்தில் வெங்காயம் உரிப்பாள். 'கண்ணீர் வராத ஒரே ஆளு நான்தான்' என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

"இவங்களுக்குக் காட்டுங்க" என்றார் அம்மாள். போய்விட்டார்.

பூசாரி சங்கடத்தோடு நின்றார். கண் தெரியாதவளுக்கு விளக்கைக் காட்டச் சொன்னால் என்ன செய்வது?

சீனியம்மாதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"காட்டுங்க அண்ணே. நானும் எல்லாக் கோயிலுக்கும் போறேன். மணியடிச்சா, சரி, ஆத்தாளுக்கு விளக்குக் காட்டுறாகன்னு தெரியுது. விளக்கு இப்ப பாதத்துல நிக்குதா, மொகத்துல நிக்குதான்னு எவன் சொல்றான்? எல்லாரும் கன்னத்துல போட்டு முடிச்ச பெறகு நான் போடுறேன். பந்தியில எல எடுக்கையில வந்து உக்காந்தவ மாதிரி."

பூசாரி மணியை எடுத்தார். தட்டை எடுத்தார். பிள்ளையார் பாதத்தில் தட்டைப் பிடித்தார்.

"இப்ப எங்க இருக்கு?" என்றாள் சீனியம்மா.

"பாத..."

"வாயால சொல்லாதீங்க. வாயி இருக்கிறவன்லாம் சொல்லிருவான். அதைச் சொல்லச் சொல்லுங்க."

எதை என்று அவள் சொல்லவில்லை. பூசாரியின் இடக்கை மணியை ஒருமுறை அசைத்தது. ணங். நின்று, இன்னொருமுறை. ணங்.

"பாதமா?"

"ஆமாம்மா."

தட்டு மெல்ல மேலே ஏறியது. மணி கொஞ்சம் நெருங்கியது. வயிற்றருகே வந்ததும் இன்னும் நெருங்கியது. பிறகு தட்டு தடுமாறியது. எலுமிச்சை உருண்டது.

"என்னமோ உருளுதே?"

"எலுமிச்சம்பழம்."

"எடுத்து வைங்க. வயித்தோட நிப்பாட்டிட்டீக. மொகத்தைப் பாக்க வேணாமா நான்?"

அன்று எத்தனை தடவை என்று பூசாரி எண்ணவில்லை. அவள் விடவில்லை. "இன்னும் பாதத்துலயே நிக்கிறீகளே, ஏறுங்க" என்பாள். "இப்ப அவசரப்பட்டு மேல ஓடிட்டீக" என்பாள். ஒருதடவை, "அண்ணே, பிள்ளையாருக்குத் தொப்பை பெருசுதான், அதுக்காக இம்புட்டு நேரமா?" என்றாள். பூசாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாதம் வந்தபிறகு அவர் சிரித்து யாரும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை மதியம்.

தட்டு பாதத்திலிருந்து புறப்பட்டது. மணி ஒற்றை ஒற்றையாக நடந்தது. தட்டு ஏற ஏற அதுவும் ஏறியது. முகத்துக்கு வந்ததும் தட்டு நிதானமாகச் சுற்றியது. மணி விடாமல் கலகலத்தது.

சீனியம்மாவின் இரண்டு கையும் தலைக்குமேல் குவிந்தன. சரியாக அந்த நேரத்தில்.

பூசாரி சட்டென்று தன் கைகளைப் பார்த்தார். ஒன்று ஒருவிதமாகவும் இன்னொன்று வேறுவிதமாகவும் போய்க்கொண்டிருந்தன.

பார்த்த உடனே மணி நின்றது. எலுமிச்சை விழுந்தது.

வாசலில் நின்றிருந்த அம்மாள் கேட்டார். "ஏன் நின்னுச்சு?"

"கையைப் பாத்துட்டேன்மா."

"அதுக்கு முன்னால எதைப் பாத்தீங்க?"

பூசாரி சீனியம்மாவின் முகத்தைக் காட்டினார்.

அம்மாள் குனிந்து எலுமிச்சையை எடுத்தார். நசுங்கியிருந்தது. கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய்க்கு ஆகும் என்று முந்தானையில் முடிந்துகொண்டார்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. எனக்கு இது போதுமாம்மா?"

"எனக்கென்ன தெரியும்? சீனியம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போங்க. முன்னால நிறுத்துங்க."

மறுநாள் கோயிலில் நிற்க இடமில்லை. ஆடிக் கடைசி வெள்ளி. கருவறை வாசலருகே புது மிஷின் மாலை போட்டுக்கொண்டு நின்றது. குருவையா சுவிட்சுப் பக்கத்தில் நின்றார்.

பூசாரி அவரிடம் போனார்.

"ஐயா, ஒரே ஒரு தடவை நானே அடிச்சுக்கிறேன். கை ஆடுச்சுன்னா நீங்க சுவிட்சைப் போட்டுருங்க. அதுக்கப்புறம் மணியைத் தொட மாட்டேன்."

குருவையாவுக்குச் சேலையின் ஓட்டை கண்ணில் நின்றது. ஆனாலும் பூசாரியின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுக்க முடியவில்லை.

"ஒரு தடவைதான் பூசாரி. நான் சுவிட்சுல விரலை வச்சிருப்பேன்."

"வச்சிருங்க ஐயா."

சீனியம்மாவை ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண் கைப்பிடித்துக் கூட்டிவந்து முன்வரிசையில் நிறுத்தினாள். "கண்ணு தெரியாத ஆளை முன்னால நிறுத்தி என்ன பிரயோசனம், நம்ம பிள்ளைக பாக்கும்" என்று பின்னால் ஒருத்தி முணுமுணுத்தாள். சீனியம்மா அந்தப் பக்கம் திரும்பி, "அடுத்த வருசம் நீ நில்லுத்தா" என்றாள்.

திரை விலகியது.

கற்பூரம் எரிந்தது. தட்டு பாதத்தில் நின்றது. மணி ஒன்று. நின்று, இன்னொன்று.

சுடர் ஒருதடவை நடுங்கியது. குருவையாவின் விரல் சுவிட்சை அழுத்தப் போயிற்று.

பூசாரி தட்டைப் பார்க்கவில்லை. மணியையும் பார்க்கவில்லை. சீனியம்மாவையும் அம்மனையும் மாறி மாறிப் பார்த்தார், இரண்டு பேரையும் அறிமுகம் செய்து வைப்பவர்போல.

சுடர் நிமிர்ந்தது.

தட்டு ஏறியது. மணி கூடவே ஏறியது. முகத்துக்கு வந்தது. கூட்டம் முழுக்கக் கை குவித்தது. சீனியம்மாவும் அதே நொடியில் குவித்தாள்.

அங்கே, முகத்தின் இடப்பக்கம், தட்டு கொஞ்சம் தங்கியது. ஒரு சின்னச் சிவப்பு மின்னி அடங்கி மறுபடி மின்னியது. மணி அப்போது வேறு மாதிரி ஒலித்தது. பொடிப்பொடியாக, மெல்லிசாக, தூறல் விழுவதுபோல.

குருவையாவின் விரல் எப்போது சுவிட்சை விட்டு இறங்கியது என்று அவருக்கே தெரியாது.

பூசாரி தட்டைக் கீழே வைத்தார். மணியை அதன் பக்கத்தில் வைத்தார்.

அந்த அமைதியில் சீனியம்மா கேட்டாள்.

"ஏய்யா, ஆத்தாளுக்கு மூக்குத்தி சாத்தியிருக்கா?"

குருவையா திடுக்கிட்டுத் திரும்பினார். காலையில்தான் சாத்தியிருந்தார்கள்.

"ஒனக்கு யாரு தாயி சொன்னது?"

"இப்பத்தான பூசாரி சொன்னாரு."