இரண்டாவது நடை

தவமணி அம்மாவுக்குப் பயமே கிடையாது என்று ஏகாம்பரம் நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையில்தான் அவர் மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

அவருக்கு வயது அறுபத்தொன்று. நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் அவள் கடைசி மூச்சுக்குத் திணறியதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். அன்றிலிருந்து அவருக்குள் ஒரு நடுக்கம் தங்கிவிட்டது. காற்றில் கதவு அடித்துக்கொண்டால்கூட நெஞ்சை அடைக்கும்.

காயலின் நடுவே ஒரு சிறு தீவு. சவுக்குத் தோப்புக்குப் பின்னால் மூன்று அறை கொண்ட ஓட்டுக் கட்டடம். அதுதான் மடம். அதை நடத்திவந்த தவமணி அம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. மீன் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவர். அரிசி, மண்ணெண்ணெய் வாங்கத் தோணியைத் தானே தள்ளிக்கொண்டு அக்கரைக்குப் போய் வருவார். தம்மைவிடப் பதினைந்து வயது இளையவரை ஏகாம்பரம் 'அம்மா' என்று அழைத்தார். அவர் இவரை 'ஐயா' என்றார்.

வந்த அன்றே ஏகாம்பரம் கேட்டார். "பயத்தை எப்படிம்மா விடுறது?"

"அரிசி ஊற வெச்சிருக்கேன். அரைச்சுக் குடுங்க."

அடுத்த ஐந்து மாதத்தில் நான்கைந்து முறை கேட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் ஒரு வேலைதான் கிடைத்தது.

கார்த்திகை மாதம் புயல் எச்சரிக்கை வந்தது. தீவில் இருந்த நாலு மீனவக் குடும்பங்களும் படகோடு அக்கரைக்குப் போய்விட்டன. மடம் மேட்டில் இருந்ததால் அம்மா நகரவில்லை. மறுநாள் காலை, புயல் வடக்கே விலகிவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். வெயில்கூட அடித்தது. பகல் இரண்டு மணிக்குக் காற்று திரும்பியது.

ஜன்னலைச் சாத்தப் போன ஏகாம்பரம்தான் அதை முதலில் பார்த்தார். காயல் கடலில் சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்து மணல்திட்டில் ஒரு படகு ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. யாரோ ஒரு சிவப்புத் துணியை வீசிக்கொண்டிருந்தார்கள்.

பார்க்காதது போல ஜன்னலைச் சாத்திவிடலாமா என்று தோன்றியது. அவர் கை கொக்கியில் போய் நின்றது. பிறகு அவருக்கே வெட்கமாக இருந்தது. உள்ளே போய்ச் சொன்னார்.

அம்மா போனில் பேசினார். மீட்புப் படகு வந்துசேர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள்.

"ரெண்டு மணி நேரம் அந்தப் படகு அங்க நிக்காது" என்றார் அம்மா. "மேக்கே பேஞ்ச மழைத்தண்ணி காயலுக்கு வந்துட்டிருக்கு. மட்டம் ஏறினா படகைக் கிளப்பி முகத்துவாரத்து வழியா கடலுக்குக் கொண்டுபோயிரும். வாங்க."

"நானா?"

"எதிர்க்காத்து. நான் தள்ளினா தண்ணி இறைக்க ஒரு ஆள் வேணும்."

"எனக்கு நீச்சல் தெரியாதும்மா."

"தண்ணி இறைக்க நீச்சல் வேண்டாம்."

ஏகாம்பரம் போனார். ஏன் போனார் என்று கேட்டால் அவரால் சரியாகச் சொல்லியிருக்க முடியாது. தனியாக அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருப்பதும் அவருக்குப் பயமாகவே இருந்தது.

தோணி சின்னது. நான்கு பேர் உட்காரலாம். அம்மா பின்னால் நின்று நீண்ட மூங்கில் கழியைத் தரையில் ஊன்றித் தள்ளினார். ஏகாம்பரம் நடுவில் மண்டியிட்டு, பாதியாக வெட்டிய எண்ணெய் டப்பாவால் தண்ணீரை வாரி வெளியே கொட்டினார். கொட்டியதில் பாதியைக் காற்று அவர் முகத்திலேயே அடித்தது. ஒவ்வொரு அலையும் தோணியைத் தூக்கி வைக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடினால் இன்னும் மோசமாக இருந்தது. கையை மட்டும் நிறுத்தவில்லை.

ஒரு தடவை கழி வழுக்கியது. தோணி பக்கவாட்டில் திரும்பி ஒரு அலை முழுசாக உள்ளே ஏறியது. ஏகாம்பரத்தின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது தன்னுடைய குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

"இறைங்க" என்றார் அம்மா. அவர் குரலில் எந்த மாற்றமும் இல்லை.

மணல்திட்டில் கிடந்தது வெள்ளை நிற ஃபைபர் படகு. பூநாரைப் பறவைகளைப் பார்க்க வந்தவர்கள். பார்த்திபன், அவன் மனைவி குமுதா, அவர்களுடைய நாலு வயதுப் பெண், குமுதாவின் தங்கை ரேவதி. படகோட்டி மஸ்தான், ஐம்பது வயதுக்காரர். எஞ்சின் மணலில் மாட்டி உதறியதில் அவருடைய வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. அதைத் துண்டில் கட்டி நெஞ்சோடு அணைத்திருந்தார். படகின் அடியில் விரிசல். முழங்கால் அளவு தண்ணீர்.

தோணி பக்கத்தில் வந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"உக்காருங்க" என்றார் அம்மா. "நாலு பேருக்கு மேல ஏறினா இது கவுந்துரும்."

பார்த்திபன் தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்கீங்க. இன்னும் ரெண்டு பேரைத்தான் ஏத்துவீங்களா?"

அம்மா மஸ்தானைப் பார்த்தார். "எவ்வளவு நேரம் தாங்கும்?"

"இப்பவே அடி லேசா ஆடுது. ஒரு மணி நேரம் இருக்கும். அதுக்கு மேல சொல்ல முடியாதும்மா."

"அப்ப ரெண்டு நடைக்குத்தான் நேரம்."

"பொம்பளைங்களையும் குழந்தையையும் கூட்டிட்டுப் போயிருவீங்க. சரி. அப்புறம்?" பார்த்திபனின் உதடு நீலம் பாரித்திருந்தது. "இந்தக் காத்துல நீங்க திரும்பி வருவீங்கன்னு என்ன நிச்சயம்?"

அம்மா ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நீங்க இறங்குங்க."

ஏகாம்பரத்துக்கு முதலில் புரியவில்லை.

"இந்தப் படகுல ஏறி உக்காருங்க. நான் இவங்களை விட்டுட்டு வரேன்."

"தண்ணி இறைக்க?"

"போறப்ப இந்தப் பொண்ணுங்க இறைப்பாங்க. திரும்பறப்ப நான் பாத்துக்கறேன்."

அவர் கையிலிருந்த டப்பா நழுவிக் கீழே விழுந்தது. முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தார். குழந்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பற்கள் குளிரில் கிட்டிப்போயிருந்தன. அவர் எழுந்தார். மஸ்தான் இடது கையை நீட்டினார். அதைப் பற்றிக்கொண்டு உடைந்த படகுக்குள் விழுந்தார்.

பார்த்திபன் அவரைப் பார்த்தான். பிறகு தோணியின் விளிம்பிலிருந்து கையை எடுத்தான். குழந்தையைத் தூக்கிக் குமுதாவிடம் கொடுத்தான்.

தோணி காற்றின் திசையில் திரும்பியது. கொஞ்ச தூரத்தில் மழை அதை மறைத்துவிட்டது.

மூன்று ஆண்கள் சாய்ந்த படகின் உயரமான பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தார்கள். ஏகாம்பரம் எஞ்சினை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். அவர் உடம்பு நடுங்கியதில் எஞ்சின் மூடி கடகடவென்று சத்தம் போட்டது.

"அவங்க வந்துருவாங்க இல்ல?" என்றான் பார்த்திபன்.

வருவாங்க என்று சொல்ல நினைத்தார். ஆனால் "எனக்கு நீச்சல் தெரியாது தம்பி" என்றார்.

"எனக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றார் மஸ்தான். "ஒரு கையை வெச்சுக்கிட்டு என்ன பண்றது."

மழை கூடியது. தீவும் தெரியவில்லை, அக்கரையும் தெரியவில்லை. முகத்துவாரத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. லாரிகள் வரிசையாகப் பாலத்தில் போகிற மாதிரி ஒரு சத்தம். அது பக்கத்தில் வருகிறதா, முதலிலிருந்தே அங்கேதான் இருக்கிறதா என்று ஏகாம்பரத்தால் சொல்ல முடியவில்லை.

திடீரென்று படகின் அடி மணலில் உரசியது. ஒரு முழம் நகர்ந்து மறுபடி நின்றது.

மஸ்தான் முன்னால் குனிந்தார். "கிளம்பிருச்சு. நங்கூரம் அப்பவே அறுந்து போச்சு. அந்தா, வலை கட்டுற கம்பு ஒண்ணு நிக்குது பாருங்க. அதுல கயித்தைக் கட்டணும். என்னால முடியாது."

கம்பு நாலடி தள்ளி நின்றது. பார்த்திபன் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் அழுதுகொண்டிருந்தான்.

ஏகாம்பரம் எஞ்சினிலிருந்து ஒரு கையை எடுத்தார். மற்ற கை வர மறுத்தது. அதை விரல் விரலாகப் பிரித்தார்.

"தம்பி, என் இடுப்பைப் பிடிச்சுக்கோ. விட்டுராத."

பார்த்திபன் பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டான். ஏகாம்பரம் விளிம்புக்கு வெளியே நெஞ்சுவரை சாய்ந்தார். அலை வந்து அவர் தலையை முக்கி எடுத்தது. மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர். மூச்சுக்குத் திணறியபோது மனைவியின் முகம் வந்தது. அடுத்த அலை படகைத் தள்ளியதில் கம்பு கைக்கு எட்டியது. அறுந்த நங்கூரக் கயிற்றை அதில் சுற்றினார். "இன்னொரு சுத்து" என்று மஸ்தான் கத்தினார். சுற்றினார். "உள்ளாற விட்டு இழுங்க." இழுத்தார்.

கயிறு விறைத்து நின்றது. படகும் நின்றது.

பார்த்திபன் அவரை உள்ளே இழுத்துப் போட்டான். ஏகாம்பரம் வாந்தி எடுத்தார். நடுக்கம் முன்பைவிட அதிகமாகியிருந்தது. பார்த்திபன் பிடித்த பிடியை விடவில்லை. அவரும் விடச் சொல்லவில்லை.

கம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் பக்கம் சாய்வதை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை. மஸ்தான்தான் முதலில் தலையைத் திருப்பினார். மழைக்குள் தோணியின் மூக்கு தெரிந்தது. அதில் ஆள் இல்லை.

பிறகுதான் தண்ணீரில் ஒரு தலை தெரிந்தது. தவமணி அம்மா கழுத்தளவு தண்ணீரில் நடந்து வந்துகொண்டிருந்தார். தோணியின் கயிற்றைத் தோளில் சுற்றி இழுத்து வந்தார்.

"தள்ளிக்கிட்டே இறைக்க முடியல" என்றார், படகைப் பிடித்துக்கொண்டு. "அதான் திட்டு ஓரமா நடந்துட்டேன். ஏறுங்க."

ஏறினார்கள். பாதி வழியில் ஏகாம்பரம் திரும்பிப் பார்த்தார். கம்பைக் காணவில்லை. வெள்ளைப் படகையும் காணவில்லை.

மடத்தில் அடுப்பு எரிந்தது. குழந்தை தவமணி அம்மாவின் பழைய புடவை ஒன்றில் சுருண்டு தூங்கிவிட்டது. ரேவதி மஸ்தானின் கைக்குப் பலகை வைத்துக் கட்டினாள். பார்த்திபன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மனைவியின் கையைப் பிடித்தபடி எதையும் பார்க்காமல் இருந்தான். மீட்புப் படகு வந்துகொண்டிருப்பதாகப் போன் வந்தது.

தவமணி அம்மா அடுக்களையில் கஞ்சி கிண்டினார். கயிறு அறுத்ததில் அவர் தோளில் சதை உரிந்திருந்தது. ஏகாம்பரம் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கைகள் இன்னும் ஆடின.

"கடைசிவரைக்கும் நடுங்கிட்டேதான் இருந்தேம்மா."

"ம்."

"நீங்க எப்படியும் வந்துருவீங்க, அது உங்களுக்கு நிச்சயமாத் தெரியும்னு நினைச்சேன். அதை நம்பித்தான் இறங்கினேன்."

"எனக்குத் தெரியாது" என்றார் அம்மா.

அவர் அடுப்பைத் தணித்தார். கரண்டியைப் பிடித்திருந்த கையை ஏகாம்பரம் அப்போதுதான் கவனித்தார். அதுவும் ஆடிக்கொண்டிருந்தது.

"உங்களுக்குப் பயமா இருந்துச்சா?"

"இருந்துச்சு. திட்டுக்கு முன்னால ஒரு இடத்துல ஆள் ஆழம். கால் எட்டல. தோணி பின்னால இழுக்குது. விட்டுட்டுத் திரும்பிரலாம்னு திரும்பிட்டேன்."

"திரும்பிட்டீங்களா?"

"ரெண்டு மூணு கை நீந்தினேன். அப்புறம் நீங்க அங்க உக்காந்திருக்கிறது ஞாபகம் வந்துச்சு."

உள்ளே குழந்தை தூக்கத்தில் முனகியது.

"நான் அங்க இல்லாம, அவங்க ரெண்டு பேர் மட்டும் இருந்திருந்தா?"

தவமணி அம்மா ஒரு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றி அவர் கையில் கொடுத்தார்.

"வந்திருக்க மாட்டேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும். அதனாலதான் உங்களை இறங்கச் சொன்னேன்."