நான்கு மட்டும் சூடு

ஒரு காட்டில், கோடை வந்தால் ஆறு பாதியாக இளைத்துவிடும். அதுவரை நீருக்கடியில் கிடந்த கூழாங்கற்கள் வெயில் காய வெளியே வரும்.

அந்த ஆற்றங்கரையில் ஒரு கொக்கு இருந்தது. ஒற்றைக்காலில் நின்றபடி மூன்றே வரியில் பாட்டுக் கட்டும். கட்டிய கையோடு காடே கேட்கப் பாடிவிடும்.

"போன மழையின் நீர் எங்கே?
கல்லின் வழவழப்பில்
இன்னும் ஓடுகிறது."

"நன்றாயிருக்கிறது, கொக்கண்ணா!" என்றது ஆட்காட்டிக் குருவி. அந்தக் கற்களுக்கு நடுவேதான் அது முட்டையிட்டு அடைகாத்து வந்தது. முட்டைகளுக்கும் கல்லின் நிறம், கல்லின் புள்ளி. நரி ஒன்று பல நாளாகத் தேடிப் பார்த்தது. கல்லைக் கடித்துப் பல் உடைந்ததுதான் மிச்சம்.

ஒரு நாள் இருட்டும் நேரம். குருவி தண்ணீர் குடிக்கப் போயிருந்தது. அவ்வழியே நடந்த கொக்கின் காலில் ஏதோ இதமாகப் பட்டது. அதற்கு மெய் சிலிர்த்துவிட்டது. உடனே பாடியது:

"வெயில் போய்விட்டது.
ஆறிய கற்களில்
நான்கு மட்டும் சூடு."

புதருக்குள் நரி எழுந்து உட்கார்ந்தது. "அட, இது தெரியாமல் பல்லைத் தொலைத்தேனே! மூக்கால் தொட்டாலே போதுமே!"

குருவி பறந்தோடி வந்தது. "என்ன காரியம் செய்தாய், அண்ணா! என் பிள்ளைகளைக் காட்டிக் கொடுத்துவிட்டாயே!"

"அழகாக இருந்தது... சொல்லிவிட்டேன்," என்று கொக்கு தலைகுனிந்தது.

கரையின் அந்தக் கோடியிலிருந்து நரி ஒவ்வொரு கல்லாக மூக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தது. "இது சில்லென்று இருக்கிறது... இதுவும் சில்..."

குருவி கத்தவில்லை. ஆற்றில் இறங்கி வயிற்றுச் சிறகை நனைத்தது. கொளுத்தும் பகலில் முட்டை வெந்துவிடாமலிருக்க அது செய்கிற வேலைதான். ஓடிவந்து முட்டைகளின்மேல் அமர்ந்தது. மறுபடி நனைந்தது, மறுபடி அமர்ந்தது.

"ஐயோ, குளிர்ந்துவிடுமே!" என்று பதறியது கொக்கு.

"நீ வாயை மூடு, அண்ணா." பிறகு முட்டைகளிடம் குனிந்து, "கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா," என்று சொல்லிவிட்டு ஒளிந்துகொண்டது.

நரி வந்தது. முட்டையில் மூக்கை வைத்தது. ஈரம். சில்லென்றிருந்தது. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாமே சில்லென்றுதான்.

"சே! இந்த மூன்று வரிக்காரன் பேச்சை நம்பி வந்தேன் பார்!" என்று தும்மிக்கொண்டே போய்விட்டது.

குருவி பாய்ந்து வந்து முட்டைகளை அணைத்துக்கொண்டது. ஆற்றுக் காற்று படாதபடி கொக்கு தன் பெரிய சிறகை விரித்து நின்றது. குஞ்சுகள் பிழைத்தனவா என்று இரண்டுக்கும் தெரியவில்லை.

விடியும்போது ஒரு முட்டைக்குள்ளிருந்து மெல்லத் தட்டும் ஓசை.

"கேட்டதா, அண்ணா?"

கொக்கின் தொண்டை அசைந்தது.

"என்ன, பாட்டு வந்துவிட்டதா? சொல்லேன்," என்று சிரித்தது குருவி.

"வந்துவிட்டது," என்று கொக்கு காதோடு சொன்னது. "பிள்ளைகள் முதலில் பறக்கட்டும்."

நீதி: அழகானதைக் கண்டால் ஊருக்குச் சொல்லுமுன், அது யாருடைய உயிர் என்று பார்.