ஜன்னலில் ஒரு வேட்டி

"வேற குழந்தை கொண்டு வரச் சொல்லுங்க மேடம். இது சரிப்பட்டு வராது" என்றார் சவரிமுத்து.

படத்தின் ஒளிப்பதிவாளர் ஹேமலதா ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வயது முப்பத்திரண்டு. சவரிமுத்துவுக்கு நாற்பத்தெட்டு.

"குழந்தை என்ன பண்ணிச்சு அண்ணே?"

"லைட்டைப் போட்டா கண்ணை இறுக்கி மூடிக்குது. திறந்தா அழுவுது."

"வெளிச்சம் அளக்கிற மீட்டர் என்ன சொல்லுது?"

"மீட்டர் சரியாத்தான் காட்டுது."

"ஆக, மீட்டர் அழுவல."

லைட்மேன்கள் சிரித்தார்கள். சவரிமுத்து சிரிக்கவில்லை.

சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை. ஒட்டன்சத்திரத்தில் இருபத்திரண்டு வருஷம் கல்யாண வீடியோ எடுத்தவர். 'நாம எடுக்கிற முகமெல்லாம் வெள்ளையடிச்ச சுவரு மாதிரியே வருதே' என்று ஒருநாள் மனசு வெறுத்துப்போய், ஸ்டூடியோவைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, லைட்டிங் கற்றுக்கொள்ள இவளிடம் வந்து சேர்ந்தார். ஆறு மாசமாக ஒயர் சுருட்டினார். ஸ்டாண்டு தூக்கினார். 'அடுத்த படத்துல என்னை உதவியாளரா வச்சுக்குவீங்களா மேடம்?' என்று மூன்று தடவை கேட்டாயிற்று.

மூன்றாவது தடவைதான் ஹேமலதா வாயைத் திறந்தாள்.

"குழந்தை சிரிக்கிற ஷாட்டுக்கு நீங்க லைட் வைங்க. அப்புறம் சொல்றேன்."

ஒரே ஒரு ஷாட். காலை வெயில். ஜன்னலுக்குக் கீழே பாயில் கிடந்து குழந்தை சிரிக்க வேண்டும். அவ்வளவுதான்.

சவரிமுத்து விடுவாரா? ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடும் அந்த வீட்டுக்கு முந்தின இரண்டு நாளும் காலை ஏழு மணிக்கே போய் நின்றார். வெயில் எந்தப் பக்கமாக இறங்குகிறது, பாய் போடும் இடத்தில் எத்தனை சாண் விழுகிறது, எல்லாவற்றையும் நோட்டில் படமாகப் போட்டுக்கொண்டார்.

இன்றைக்கு ஷாட் பதினொரு மணிக்கு. நிஜ வெயில் கூரைக்கு ஏறிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பெரிய லைட்டை உயரத் தூக்கி நிறுத்தி, நோட்டில் இருந்தபடியே ஏழு மணி வெயிலைக் கொண்டுவந்து பாயில் போட்டுவிட்டார். கம்பி நிழல்கூட அச்சு அசல்.

குழந்தைதான் அடம் பிடித்தது. பெயர் தஷ்வின். எட்டு மாசம்.

அது போதாதென்று குழந்தையின் அம்மா வேறு. லைட் எரிந்தால் போதும், ஓடி வந்து குறுக்கே நின்றுவிடுகிறாள்.

"யம்மா, லைட்டை மறைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"பிள்ளைக்குக் கண்ணு கூசுது சார்."

"நீ அந்தப் பக்கம் போய் நில்லு."

"பிள்ளை இந்தப் பக்கம்ல இருக்கான்?"

சவரிமுத்து பல்லைக் கடித்தார்.

"சீக்கிரம் பாருங்க சார். இன்னும் அரை மணியில தூங்கிருவான். தூங்கிட்டான்னா இடி விழுந்தாலும் சாயங்காலம்தான்."

வாசல்படியில் நின்ற டைரக்டர் வாட்சைப் பார்த்தார். வீடு இன்றைக்கு மட்டும்தான்.

சவரிமுத்து ஹேமலதா முன்னால் வந்து நின்றார்.

"என் வெயில்ல என்ன குறை மேடம்? அதையாவது சொல்லுங்க."

ஹேமலதா பாயைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.

"வெயில்ல குறையே இல்லண்ணே."

"அப்புறம்?"

"போய்ப் படுங்க."

"யாரு?"

"நீங்கதான். குழந்தை இடத்துல."

அம்மா பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். சவரிமுத்து படுத்தார். கால் இரண்டும் பாய்க்கு வெளியே நீண்டன.

"அண்ணனுக்கு ஒரு கிலுகிலுப்பை குடுங்கப்பா" என்றான் ஒரு லைட்மேன்.

"லைட் போடுங்க" என்றாள் ஹேமலதா.

கண்ணில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. இறுக்கி மூடிக்கொண்டார். இமைக்குள்ளேயும் சிவப்பாக எரிந்தது. ஒரு கண்ணை மட்டும் மெல்லத் திறந்து பார்த்தார். தண்ணீர் கொட்டியது.

"போதும் மேடம்."

டீ உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

திடீரென்று இமைக்குள் சிவப்பு தணிந்தது.

கண்ணைத் திறந்தார்.

ஜன்னலடியில் குழந்தையின் அம்மா. இடுப்பில் பிள்ளை. எம்பி நின்று, ஒரு பழைய வேட்டியைக் கம்பி மேல் ஒற்றைக் கையால் விரித்துப் பிடித்திருந்தாள். தூளி கட்ட எடுத்து வந்த வேட்டி. துவைத்துத் துவைத்து நைந்துபோனது. அதற்குள் புகுந்து வெளிச்சம் சலித்த மாவு மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கும் கூசிருச்சா சார்?"

சவரிமுத்து கிடந்தபடியே வேட்டியைப் பார்த்தார்.

"ஜன்னல்ல எதுக்கும்மா துணி?"

"நல்லா கேட்டீங்க போங்க! பிள்ளை இருக்கிற வீட்டு ஜன்னல்ல ஒரு துணி தொங்காம இருக்குமா? நான் விடியறதுக்குள்ளயே கட்டிப் போட்டுருவேன்."

அவர் வெயிலை அளந்த இரண்டு காலையிலும் அந்த வீட்டில் மனுஷர் யாரும் இல்லை.

எழுந்தார். பழக்கத்தில் மீட்டரை எடுத்து நீட்டினார்.

"பாதி வெளிச்சம் போயிருச்சு மேடம்."

ஹேமலதா கையை நீட்டினாள். மீட்டரை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மறுபடி டீயைக் குடித்தாள்.

சவரிமுத்து வேட்டியின் ஒரு முனையைக் கம்பியில் முடிந்தார்.

"அந்த முனையைக் கொஞ்சம் இறக்குங்க சார். மூஞ்சிக்கு நேரா வருது."

இறக்கினார்.

பிள்ளையைப் பாயில் விட்டார்கள். லைட் எரிந்தது. தஷ்வின் ஒரு கண்ணைத் திறந்தான். சற்றுப் பொறுத்து மற்றதையும் திறந்தான். காற்றில் வேட்டி புடைத்து அடங்கியது. அதைப் பார்த்து, காலை உதைத்துக்கொண்டு, பல்லில்லாத வாய் முழுக்கச் சிரித்தான்.

"ஓகே!" என்றார் டைரக்டர்.

பிள்ளை தூங்கிவிட்டான். லைட்டை இறக்கும் வேலை நடந்தது. சவரிமுத்து ஒரு மூலையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். பாய் வரைந்தார். ஜன்னல் வரைந்தார். வெளியே லைட்டை வரைந்தார். லைட்டுக்கும் பாய்க்கும் நடுவில் ஒரு கோடு இழுத்தார்.

கோட்டுக்குப் பக்கத்தில் எழுதப்போன பென்சில் நின்றது.

தலையை நிமிர்த்தினார்.

"உங்க பேரு என்னம்மா?"

காலையிலிருந்து யாரும் அவளைக் கேட்கவில்லை.

"முனீஸ்வரி சார்."

எழுதினார்.

பின்னால் வந்து நின்ற ஹேமலதா நோட்டை எட்டிப் பார்த்தாள். பைக்குள்ளிருந்து மீட்டரை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

"அடுத்த படம் பதினாலாம் தேதி ஆரம்பிக்குதுண்ணே. ஆறு மணிக்கு வந்துருங்க."