பன்னிரண்டாம் எண்ணின் சோடி

உப்பளங்கள் சூழ்ந்த ஓர் ஊரில், மருத்துவ ஆய்வு அறை ஒன்றின் தகரப் பெட்டிக்குள் ஒரு காலத்தில் இரண்டு புள்ளிவிவரச் சோதனைகள் குடியிருந்தார்கள். ஒருவன் கூட்டச் சோதனை. வேறு வேறு ஆட்கள் உள்ள இரண்டு கூட்டங்களை எதிரெதிரே நிறுத்தி வித்தியாசம் சொல்வது அவன் வேலை. மற்றவர் சோடிச் சோதனை. ஒரே ஆளின் அன்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது அவர் வேலை.

ஆய்வாளர் எபனேசர் பெட்டியைத் திறந்தால் கூட்டச் சோதனையைத்தான் எடுப்பார். கை அப்படிப் பழகிவிட்டது. மூன்று வருஷமாகச் சோடிச் சோதனைக்கு வேலையே இல்லை. அந்த வயிற்றெரிச்சலை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை.

"என்னைக்காவது நீ குப்புற விழுவ. அன்னைக்கு நான் பேசுவேன்" என்பார்.

"அதுவரைக்கும் மூடியச் சாத்திக்கிடும் அண்ணாச்சி, தூசி வருது" என்பான் கூட்டச் சோதனை.

அந்த வருஷம் உப்பளத்துப் பெண்கள் பன்னிரண்டு பேருக்கு புது மூட்டுவலி மாத்திரை ஒன்றைத் தினமும் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற ஒன்று ஏறும். அதனால் மாத்திரைக்கு முன்னால் ஒரு தடவை, மூன்று மாதம் கழித்து ஒரு தடவை ரத்தம் எடுத்தார்கள். கெடுதல் இல்லை என்று அறிக்கை போனால், சனிக்கிழமை அத்தனை உப்பளத்துக்கும் மாத்திரைப் பெட்டிகள் கிளம்பும்.

எண்கள் இரண்டு தாளில் வந்தன: மாத்திரைக்கு முந்தியவை ஒன்றில், பிந்தியவை இன்னொன்றில். யாருடைய பெயரும் வெளியே தெரியக் கூடாது என்பது அந்த அறையின் வழக்கம். கத்தரிக்கோல் பெயர்களை நறுக்கியது. ஒட்டினாற்போல் இருந்த, எது யாருடையது என்று காட்டும் அட்டை எண்களும் கூடவே போய்விட்டன.

"ஒரே வெட்டு. என்ன சுத்தம் பாருங்க" என்றது கத்தரிக்கோல்.

கூட்டச் சோதனை இரண்டு தாளையும் எதிரெதிரே நிறுத்தினான். முதல் தாளிலிருந்த புள்ளி ஆறு, எதிர்த் தாளிலிருந்த புள்ளி எட்டைக் கண்சுருக்கிப் பார்த்தாள்.

"யக்கா, நீ நம்ம வீட்டு ஆளுல்லா?"

"எனக்கும் அப்படித்தான் தோணுது."

"பேசக் கூடாது. நீங்க வேற கூட்டம், அவங்க வேற கூட்டம்" என்று அதட்டினான் கூட்டச் சோதனை. பிறகு எபனேசரிடம் சொன்னான்: "முதல் தாளுக்குள்ளயே ஒருத்தி புள்ளி ஆறு, ஒருத்தி ஒண்ணு புள்ளி ஆறு. இம்புட்டு ஏத்த இறக்கத்துல இந்தச் சின்ன வித்தியாசத்தை ஒரு வித்தியாசம்னு சொல்ல முடியாது சார்."

எபனேசர் 'கெடுதல் இல்லை' என்று எழுதினார்.

பெட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஏல, எண்ணிப் பாத்தியா? ரெண்டாவது தாளுல பதினொண்ணுதான் நிக்கி."

"நிக்கட்டுமே. ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்னு எனக்கு ஒண்ணும் இல்ல."

அப்போது ரத்தம் எடுக்கும் ஞானசுந்தரி, சாவி கொடுக்க உள்ளே வந்தாள். மேசையைப் பார்த்தவள் நின்றுவிட்டாள்.

"ரெண்டு தாளுலயும் அதே பொம்பளையளுதான சார்? எதுக்கு வேற வேற ஆளு மாதிரி வச்சிருக்கீங்க?"

கையெழுத்துப் போடப் போன எபனேசரின் கை நின்றது. குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்த்தார். நறுக்கிய துண்டுகளை இருவரும் பொறுக்கி, தாளின் ஓரத்தில் வைத்து ஒட்டினார்கள். பிறகு அவர் பெட்டியைத் திறந்து சோடிச் சோதனையை எடுத்தார்.

சோடிச் சோதனை மார்பை நிமிர்த்திக்கொண்டுதான் வெளியே வந்தார். மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்த பேச்சு நாக்கு நுனியில் இருந்தது. "அவங்கவங்க சோடி கூட வந்து நில்லுங்க" என்றார்.

புள்ளி ஆறும் புள்ளி எட்டும் கைகோத்து வந்தார்கள். "ஏறியிருக்கு" என்றார். அடுத்த சோடி. "ஏறியிருக்கு." கூட்டச் சோதனையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். ஐந்தாவது சோடியில் அவர் குரல் இறங்கியது. எட்டாவதில் வெறும் தலையசைப்புதான். பதினொன்றும் ஏறியிருந்தன. இறங்கினவள் ஒருத்திகூட இல்லை. நின்ற இடத்தில் நின்றவளும் இல்லை.

கூட்டச் சோதனைக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் ஒருத்தரையும் தனியாப் பாக்கவே இல்லையே அண்ணாச்சி" என்றான்.

வரிசைக் கடைசியில் ஒன்று புள்ளி ஆறு தனியாக நின்றாள்.

"உன் சோடி எங்க தாயி?" என்று கேட்டார் சோடிச் சோதனை.

"வரலையே அண்ணாச்சி. நானும் அந்தத் தாளையேதான் பாத்துக்கிட்டு நிக்கேன்."

எபனேசர் துண்டிலிருந்த பெயரைப் படித்தார். "முத்துக்கனி. இவங்களுக்கு ரெண்டாவது ரத்தம் எடுக்கலையா?"

ஞானசுந்தரி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "எடுக்கத்தான் சார் போனேன். வாசல்ல பந்தல் போட்டிருந்தாங்க. அதுக்கு மொத நாள்தான் அவங்களை அடக்கத்துக்கு எடுத்தாங்களாம். கை கால் வீங்கி இருந்துச்சாம். அளத்து வெயிலுன்னு சொன்னாங்க. நானும் சரின்னு கட்டத்தைக் காலியா விட்டுட்டேன்."

கத்தரிக்கோல் வாயை மூடிக்கொண்டது.

எபனேசர் அறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். தொலைபேசியை எடுத்தார். "பெட்டி ஒண்ணையும் ஏத்தாதீங்க. ஏத்தினதையும் இறக்குங்க. அந்தப் பதினொரு பேரையும் இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க" என்றார்.

சோடிச் சோதனை வாயைத் திறந்து பார்த்தார். மூன்று வருஷப் பேச்சில் ஒரு சொல்கூட வரவில்லை.

எண்கள் சோடி சோடியாகத் தாளுக்குத் திரும்பின. ஒன்று புள்ளி ஆறும் தன் இடத்துக்குப் போய் நின்றாள், பக்கத்தில் ஒருத்தி நிற்கிற அளவுக்கு இடம் விட்டு.