வயிற்றில் ஒரு வரி

ஈரோட்டில் ஒரு வீட்டுக்கு, ஜனவரி முதல் தேதி காலையில், மளிகைக்கடைப் பையில் படுத்துக்கொண்டு ஒரு தினசரிக் காலண்டர் வந்து சேர்ந்தது. நல்ல பருமன். முன்னூற்று அறுபத்தைந்து தாள்களையும் தொப்பையாகத் தள்ளிக்கொண்டு, சமையலறைச் சுவரில் இருந்த ஆணியில் ஏறித் தொங்கியது.

"கொஞ்சம் மெதுவாத் தொங்குப்பா, இடுப்பு ஒடியுது" என்றது ஆணி.

"நான் யாருன்னு தெரியுமா? தினம் பன்னிரண்டு ராசிக்கும் பலன் சொல்றவன்!"

"தெரியும். போன வருஷம் வந்தவரும் இதைத்தான் சொன்னாரு. அதுக்கு முந்தின வருஷம் வந்தவரும்."

காலண்டர் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தது. ஆணி விடவில்லை.

அந்த வீட்டில் ஆட்டோ ஓட்டும் முருகவேலும், அவர் மனைவி வள்ளிமயிலும், ஐந்து வயதுக் குழலியும், இரண்டு வயதுப் பொம்மியும் இருந்தார்கள். அன்று காலை வள்ளிமயில் அரிச்சுவடியை விரித்துவைத்துக் குழலியை உட்கார்த்தியிருந்தாள். குழலி 'அ' முதல் கடைசி வரை ராகம் போட்டுப் பாடி முடித்தாள். ஒரு எழுத்து பிசகவில்லை. பிறகு வள்ளிமயில் நடுவில் ஒரு எழுத்தைத் தொட்டு, "இது என்ன?" என்று கேட்டாள்.

குழலி எழுத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். "மொதல்ல இருந்து பாடட்டுமா?"

வள்ளிமயில் பெருமூச்சு விட்டாள். எழுந்து காலண்டரின் அருகே வந்து, தாள்கட்டைத் தூக்கி, அடியில் இருந்த வெறும் அட்டையில் பேனாவால் ஏதோ ஒரு வரி எழுதினாள். காலண்டருக்கு ஒரே கூச்சம். எழுதி முடித்ததும் தாள்கட்டை இறக்கி மூடிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"என்ன எழுதினாங்க?" என்று காலண்டர் ஆணியைக் கேட்டது.

"எனக்கு உன் உச்சந்தலை மட்டுந்தான் தெரியும்."

எதிர்ச்சுவர்க் கடிகாரத்தைக் கேட்டது. "நான் எண்ணோடு சரி. எழுத்துப் பழக்கம் இல்லை" என்றது கடிகாரம்.

காகிதத்துக்குத் தன்மேல் இருப்பதைப் படிக்கத் தெரியாது, நம் முகம் நமக்குத் தெரியாத மாதிரி. யாராவது வாய்விட்டுப் படித்தால்தான் உண்டு. பெரியவர்களோ கண்ணாலேயே படித்து முடித்துவிடுகிறார்கள். முருகவேல் தினமும் காலையில் வருவார், ஒரு தாளைக் கிழிப்பார், தன் ராசியைப் பார்ப்பார். ஒரு நாள் முகம் மலரும், ஒரு நாள் சுருங்கும். வாய் மட்டும் திறக்காது. கிழித்த தாளைப் பொம்மி பந்தாகச் சுருட்டி உருட்டுவாள்.

"என் வயிற்றில் ஒரு வரி இருக்கு. என்னைத் தூக்கிப் போடுறதுக்குள்ளே அதைக் காதால கேட்டுடணும்" என்றது காலண்டர். "வேற ஆசை எதுவும் இல்லை."

"வருஷம் போறது தெரியாது, பார்த்துக்கோ" என்றது ஆணி.

முருகவேலின் முகம் மாறுவதைக் காலண்டர் மட்டும் கவனிக்கவில்லை. குழலியும் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அதுல என்ன போட்டிருக்கு? ஏன் மூஞ்சி அப்படிப் போவுது?"

"நீயே படிச்சுத் தெரிஞ்சுக்க கண்ணு" என்று சொல்லிவிட்டு அவர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவ்வளவுதான். அரிச்சுவடியிடம் வராத ஆர்வம் குழலிக்குக் காலண்டரிடம் வந்தது. குழலி முக்காலியைப் போட்டு ஏறி, காலண்டரோடு மூக்கு உரச நின்றாள். "அம்மா, இதைச் சொல்லிக்கொடு!"

வள்ளிமயிலுக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்பில் தோசை கருகுவதைக்கூட மறந்து ஓடி வந்தாள். ஒரு ராசிக்கு ஒரே ஒரு சொல். அதன் கீழே விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினாள்.

"ப... ய... ம்" என்றாள் குழலி. மூன்றையும் சேர்த்தாள். "பயம்! அம்மா, பயம்னு போட்டிருக்கு!" முக்காலியின்மேல் நின்று கைகொட்டிச் சிரித்தாள். பயம் என்ற சொல்லைப் படித்து அப்படிச் சிரித்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.

காலண்டருக்குப் புல்லரித்தது. முதல் தடவையாகத் தன் சொல் ஒன்றைத் தானே கேட்டிருக்கிறது.

அன்று முதல் அதுவே பாடம். காலையில் குழலியின் மீன ராசி ஒரு சொல், அப்பாவின் சிம்மம் ஒரு சொல், அம்மாவின் ரிஷபம் ஒரு சொல். தோசை சாப்பிடும்போது மற்ற ஒன்பதும். சில நாள் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை அடித்துவிடுவாள்.

"ல... லட்டு!"

"ராசிபலன்ல லட்டு போடுவாங்களாடி?"

"என் ராசிக்குப் போடுவாங்க."

"கேட்டியா, என்கிட்ட லட்டெல்லாம் இருக்கு" என்று காலண்டர் கடிகாரத்திடம் பீற்றிக்கொண்டது. வள்ளிமயில் விரலை நகர்த்தி, அது 'லாபம்' என்று முடிந்ததும், குழலியைவிடக் காலண்டருக்குத்தான் வருத்தம்.

தாள் குறையக் குறையக் காலண்டர் மெலிந்தது. ஜூன் கடைசியில் தொப்பை பாதியாகிவிட்டது. எழுத்துக் கூட்டிப் படிப்பவளுக்கு ஒரு முழு வரி எப்போது வசப்படும் என்று அதற்குக் கவலை பிடித்துக்கொண்டது. "சீக்கிரம் சாமி, சீக்கிரம்" என்று காற்றில் படபடத்தது.

ஆகஸ்டில் ஒரு நாள் முருகவேல் சட்டை மாட்டிக்கொண்டே, "மேடம், நமக்கு இன்னைக்கு எப்படி?" என்று கேட்டார்.

குழலி பார்த்தாள். கொஞ்சம் தயங்கினாள். "மகிழ்ச்சி" என்றாள். அவர் விசிலடித்தபடி கிளம்பிப் போனார்.

வள்ளிமயில் எதேச்சையாக எட்டிப் பார்த்தாள். சிம்மத்துக்கு நேரே 'கோபம்' என்று இருந்தது.

"ஏன்டி, இது மகிழ்ச்சியா?"

குழலி தலையைக் குனிந்துகொண்டாள். "கோபம்னுதான் போட்டிருக்கு. கோவமா வண்டி ஓட்டினா எங்கியாவது இடிச்சுக்குவாருல்ல? அதான் மாத்திச் சொன்னேன்."

வள்ளிமயில் அவளை வாரி எடுத்துக்கொண்டாள். திட்டுவதா கொஞ்சுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். பார்த்ததும் மாற்றிச் சொல்லும் அளவுக்குப் படிப்பு வந்துவிட்டது. இனிச் சந்தேகமே இல்லை.

"கவலை விட்டது. என் வரியை அவள் படிச்சிடுவா" என்றது காலண்டர்.

ஆணி மட்டும், "பார்க்கலாம்" என்று இழுத்தது. ஏன் என்று அக்டோபரில் தெரிந்தது. ஒரு நாள் காலையில் குழலி வந்தாள், தாளைக் கிழித்தாள், பன்னிரண்டு ராசியையும் பார்த்தாள், போய்விட்டாள். உதடுகூட அசையவில்லை.

"என்ன ஆச்சு இவளுக்கு? வாய் வலியா?" காலண்டர் பதறியது.

"நல்லாப் படிக்கத் தெரிஞ்சுபோச்சு" என்றது ஆணி. "தெரிஞ்சவங்க சத்தம் போட மாட்டாங்க. எல்லாரும் இப்படித்தான்."

காலண்டருக்கு அழுகையே வந்துவிட்டது. அவளுக்குப் படிப்பு வராதோ என்று எட்டு மாதம் தவித்தது. இப்போது வந்த படிப்பே வாயை அடைத்துவிட்டது. நவம்பர் சத்தமில்லாமல் போனது. டிசம்பரும் அப்படியே.

புத்தாண்டுக் காலையில் அதனிடம் ஒரே ஒரு தாள்தான் மிச்சம். மேஜைமேல் புதுக் காலண்டர் தொப்பையோடு காத்துக்கொண்டிருந்தது. குழலி முக்காலி இல்லாமல் எக்கி நின்று கடைசித் தாளைக் கிழித்தாள். அட்டையில் நீல மையில் அந்த வரி.

குழலியின் கண்கள் வரியின்மேல் ஓடின. ஓடி முடித்தன. முகம் முழுக்கச் சிரிப்பு. ஒன்றும் சொல்லாமல் போய் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். வள்ளிமயிலுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

முருகவேல் வந்தார். "என்ன, அம்மாவும் மகளும்?" என்று அட்டையை எட்டிப் பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"யாராச்சும் வாயைத் திறங்களேன்!" என்று காலண்டர் கத்தியது. கத்தி என்ன பயன்? முருகவேல் அதை ஆணியிலிருந்து கழற்றித் தரையில் வைத்தார். அந்த இடத்தில் புதுக் காலண்டர் ஏறித் தொங்கியது.

அப்போது பொம்மி குடுகுடுவென ஓடி வந்து அட்டையின்மேல் உட்காரப் போனாள். கசக்க ஒரு தாள்கூட இல்லாதது அவளுக்கு அதிசயமாக இருந்தது. நீல எழுத்தைத் தட்டி, "அக்கா, இது என்னா?" என்றாள்.

குழலி அம்மாவை விட்டுவிட்டு வந்தாள். சம்மணம் போட்டு உட்கார்ந்து, தங்கையை மடியில் இருத்தி, அட்டையைத் தூக்கிப் பிடித்தாள். முதல் எழுத்தின் கீழே விரலை வைத்தாள். அம்மா வைத்த அதே மாதிரி.

"நல்லாப் பாத்துக்க. கு... ழ... லி..."

காலண்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. விரல் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தது. அவசரமில்லாமல், உரக்க, ஒரு எழுத்தும் விடாமல் அவள் படித்தாள்:

"குழலி இதைத் தானாகப் படித்துவிட்டால், அம்மாவுக்கு இந்த வருஷ ராசிபலன்: வெற்றி."

பொம்மிக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னொருவாட்டி" என்றாள். குழலி இன்னொரு முறை படித்தாள். காலண்டர் இரண்டு முறையும் கேட்டது.

மேலே ஆணியிலிருந்து புதுக் காலண்டர் கர்வமாகக் குனிந்து பார்த்தது. "பெரியவரே, நான் இந்த வருஷம் நாலாயிரத்துச் சொச்சம் பலன் சொல்லப்போறேன். நீங்க எத்தனை சொன்னீங்க?"

"நானும் அத்தனைதான் சொன்னேன்."

"அதுல எத்தனை பலிச்சுது?"

"ஒண்ணு" என்றது பழைய காலண்டர். "அதுவும் அச்சடிச்சது இல்லை. அம்மா கையால எழுதினது."