பெட்டி விசிறி முதலில் ஏன் அலறுகிறது

அந்தக் காலத்தில், கணினிப் பெட்டிக்குள் இருக்கும் சாமான்களுக்கெல்லாம் வாய் இருந்த காலத்தில், ஆம்பூரில் குணசுந்தரி என்று ஒருத்தி இருந்தாள். கல்யாண வீடியோக்களை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்துக் கொடுப்பது அவள் தொழில். எதைப் பார்த்தாலும் "இது ஏன் இப்படி?" என்று கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. மிக்சியைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள், தையல் மெஷினைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். பிரித்ததையெல்லாம் திரும்பப் பூட்டினாளா என்று மட்டும் அவள் புருஷன் பிச்சாண்டியிடம் கேட்கக் கூடாது.

பன்னிரண்டு வருஷத்துக் கல்யாணங்கள் அவளிடம் ஒரே ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கில் இருந்தன. அதைப் பெரியவர் என்றுதான் கூப்பிடுவாள். யார் வீட்டு ஆல்பமாவது மழையில் நனைந்தாலும், சிடியில் கீறல் விழுந்தாலும், "சுந்தரிகிட்ட இருக்கும்" என்று ஊர்க்காரர்கள் நேரே வந்துவிடுவார்கள். அந்தப் பெரியவர் இப்போதெல்லாம் அடிக்கடி இருமினார்.

"என்னை நம்பாதம்மா. எங்கிட்ட இருக்கறத சீக்கிரம் வேற யார் கையிலயாவது ஒப்படைச்சிடு" என்றார்.

குணசுந்தரிக்குத் திக்கென்றது. வேறு பிரதி கிடையாது. பெரியவர் போனால் ஊரின் பாதிக் கல்யாணங்கள் அவரோடு போய்விடும்.

அன்றே காயலான் கடைக்குப் போனாள். ஏதோ ஓர் ஆபீஸ் தூக்கிப் போட்ட பெட்டி, யாரோ கழித்துவிட்ட மதர்போர்டு, அதன்மேலேயே ஒட்டிக்கொண்டிருந்த ப்ராசஸர், இன்னும் ஆயுசு மிச்சமுள்ள இரண்டு டிஸ்க்குகள், கறுப்பாக ஒரு விசிறி. எல்லாவற்றையும் கட்டைப்பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வழி நெடுக அவை தாங்கள் முன்பிருந்த இடத்தின் ஏ.சி. பெருமையைப் பேசித் தீர்த்தன. இவள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பார்த்ததும் எல்லாம் கப்சிப்.

வீட்டு மூலையில் எந்நேரமும் விழித்திருந்து, எல்லாக் கல்யாணத்தையும் காத்து, கேட்டவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுக்கும் பெட்டி ஒன்று அவளுக்கு வேண்டும். படித்தவர்கள் அதை சர்வர் என்பார்கள். பாதி பூட்டி, சுவிட்சைப் போட்டுப் பார்த்துக்கொண்டே அவள் கேள்வியும் கேட்டாள்.

"நீ ஏம்பா இப்டி சுடுற?" என்றாள் ப்ராசஸரிடம்.

"யோசிச்சா சுடும்க்கா. உனக்குச் சுடாதா?"

அவள் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதுவும் உண்மைதான் போலிருந்தது.

விசிறியை முன்பக்கம் மாட்டிவிட்டு, காற்று எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி எதிரே பிடித்தாள். புகை அவள் மூஞ்சியிலேயே வந்து அடித்தது. விசிறி கெக்கெக்கென்று சிரித்தது. கழற்றித் திருப்பி மாட்டினாள். இப்போது புகை நூல் பிடித்தாற்போல உள்ளே நுழைந்து, டிஸ்க்குகளின் நடுவே நெளிந்து, பின்பக்கமாக வெளியேறியது. குணசுந்தரி கைதட்டினாள். பெரியவரையும் உள்ளே உட்கார வைத்து, கல்யாணங்களை ஒவ்வொன்றாகப் புது டிஸ்க்குகளுக்கு மாற்ற ஆரம்பித்தாள். முடிய நாலு நாள் ஆகும் என்றது மதர்போர்டு.

அந்த நாளில் விசிறிக்கு ஓடத் தெரியும், நிற்கத் தெரியும். மெதுவாக ஓடுவது என்ற ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. அது போட்ட சத்தத்தில் வீடே அதிர்ந்தது. பிச்சாண்டிக்கோ செருப்புக் கம்பெனியில் இரவுக் காவல். பகலில்தான் தூங்கியாக வேண்டும்.

"இன்னா சுந்தரி இது? ரைஸ்மில்லுல பாய் போட்டுப் படுத்த மாதிரி கீது" என்றான். நாலாம் நாள் காலையில் கண் இரண்டும் கோவைப்பழமாக, சாப்பிடக் கூடத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்து கிடந்தான்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. பெட்டியின் முன்னால் குந்தினாள்.

"ஏம்பா, கொஞ்சம் கம்முனு இரேன். அவரு பாவம்."

"நான் ஒண்ணும் கத்தலக்கா. ஓடறேன். ஓடுனா சத்தம் வரும்" என்றது விசிறி.

"எனக்கு வியாக்கியானம் வேணாம். கம்முனு இருன்னா இரு!"

விசிறி கம்மென்று ஆயிற்று. குணசுந்தரிக்கு ஒரே சந்தோஷம். அரட்டினால்தான் அடங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஏதோ ஒரு கல்யாண வீட்டில் முடித்த வீடியோவைக் கொடுத்துவிட்டு வரக் கிளம்பிப் போனாள். பிச்சாண்டிக்கும் பெட்டிமேல் பாசம் பொங்கியது. நம் ஊரில் ஒரு சாமான்மேல் பிரியம் வந்தால் முதலில் அதைப் போர்த்துவோமே! டிவிக்குத் துணி, ஃப்ரிட்ஜுக்குத் துணி, கிரைண்டருக்குத் துணி. அவன் தன் பழைய வேட்டியை நாலாய் மடித்து, தூசி படாமல் பெட்டியை மூடிவிட்டு, நிம்மதியாகப் படுத்துக் குறட்டை விட்டான். வெளியே சித்திரை வெயில் கூரையைப் பொரித்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் அவள் கதவைத் திறந்தபோது சூடேறின பிளாஸ்டிக் வாடை. வேட்டிக்கு அடியிலிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம். துணியை உருவினாள். பெட்டி தோசைக்கல்லாகக் கொதித்தது. விசிறி அசையாமல் நின்றிருந்தது.

"ஏங்க! எழுந்திருங்க!"

அவள் பக்கவாட்டுத் தகட்டைப் பிடுங்கி எறிந்தாள். பிச்சாண்டி காலண்டர் அட்டையைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்து விசிறினான். பெரியவர் மூச்சு வாங்கினார்.

"ஏறக்குறைய எல்லாத்தையும் குடுத்துட்டேம்மா... ஒண்ணே ஒண்ணுதான்..." என்றார். அப்புறம் இரண்டு டிக். அதற்கப்புறம் சத்தமில்லை.

அவள் திரையில், மாற்றியவற்றின் பட்டியலைப் பார்த்தாள். ஊர்க் கல்யாணங்கள் அத்தனையும் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தன. வராதது அவளுடைய கல்யாணம். ஊரார் வீட்டு விஷயம் முதலில் போகட்டும், நம்முடையது எங்கே ஓடிவிடப் போகிறது என்று அவளே அதைக் கடைசியில் வைத்திருந்தாள். குணசுந்தரி தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

பிச்சாண்டி கையைப் பிசைந்துகொண்டு நின்றான். "வுடு சுந்தரி. படம்தான போச்சி. மாப்ள நான் முழுசா இங்கதான நிக்கிறேன்?" என்றான். அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் மறுபடியும் அழுகை வந்தது.

"ஏம்பா இப்டி பண்ண?" என்று விசிறியைக் கேட்டாள்.

"நீதான கம்முனு இருன்ன. எனக்கு ரோசம். நின்னுட்டேன். நிக்கறேன்னு உங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். அது என் தப்பு" என்றது விசிறி.

குணசுந்தரி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "என் தப்பும்தான். சத்தமில்லன்னா எல்லாம் நல்லா நடக்குதுன்னு நெனச்சிட்டேன்." கேள்வி கேட்கும் புத்தி திரும்ப எட்டிப் பார்த்தது. "ஆமா, நீ பாதி வேகத்துல ஓடினா இன்னா ஆகும்?"

"ஓடிப் பாத்ததில்லையே!"

ஓடிப் பார்த்தது. முதலில் தடுமாறியது, பிறகு பிடிபட்டது. சத்தமும் இல்லை, சூடும் இல்லை.

"இது போதும். ஆனா நீ ஓடறியா, நிக்கறியான்னு எனக்கு எப்டி தெரியும்? ஸ்கூல்ல வாத்தியார் பேரைக் கூப்ட்டா, உள்ளேன் ஐயான்னு ஒரு குரல் குடுப்பமில்ல? அத மாதிரி நான் சுவிட்ச போட்ட ஒடனே முழுத் தொண்டையில ஒரு குரல் குடு. பொறவு சூட்டுக்குத் தக்கன ஓடு."

விசிறி அவள்மேல் ஆணையாக ஒப்புக்கொண்டது. அன்று அணைத்து ஆற விட்ட பெட்டிக்கு மறுநாள் அவள் சுவிட்சைப் போட்டதும் அது வீடே அதிர ஒரு கத்துக் கத்தியது.

"அது கீதா?" என்றான் பிச்சாண்டி, போர்வைக்குள்ளிருந்து.

"இருக்குதுங்க."

அவன் புரண்டு படுத்தான். விசிறியும் குரலைத் தணித்துக்கொண்டது.

பிற்பாடு சாமான்களுக்கெல்லாம் வாய் அடைத்துப் போயிற்று. விசிறி கொடுத்த வாக்கு மட்டும் போகவில்லை. அன்று முதல்தான் எந்தக் கணினிப் பெட்டியை முடுக்கினாலும், அதற்குள் இருக்கும் விசிறி முதலில் முழுத் தொண்டையில் "உள்ளேன்" என்று அலறிவிட்டு, அதன் பிறகே கம்மென்று வேலை பார்க்கிறது.